ரோமியோ ஜூலியட்டைக் கடிகாரத்தோடு படியுங்கள்

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' பாடமாக இருக்கிறது. கதை முன்பே தெரியும் என்பதால் படிக்க உட்கார்ந்தாலே சலிப்பாக இருக்கிறது. நாலு நாள் பழகிய இரண்டு பேர் அவசரப்பட்டுச் செத்துப்போவதை எப்படிப் பெரிய துன்பியல் நாடகம் என்கிறார்கள்? 'காரணம் விதியா, அவர்கள் குணமா' என்று தேர்வில் கட்டாயம் வரும் என்கிறார்கள். எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது?

பதில்:

'நாலு நாள்', 'அவசரம்' என்று இரண்டு சொற்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். நாடகத்தைத் திறக்க அந்த இரண்டும் போதும். ஆனால் அவசரப்பட்டது யார் யார் என்று மட்டும் நன்றாகப் பார்க்க வேண்டும். பல வருடங்கள் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை நடக்கும் வெரோனா நகரில் எல்லோருமே அவசரக்காரர்கள். பிள்ளைகளின் அவசரம் நம் கண்ணுக்குச் சட்டென்று படுகிறது. பெரியவர்களின் அவசரம் பொறுப்பு, பாசம், ஒழுங்கு என்ற பெயர்களில் வருவதால் படுவதில்லை. அதிகமாகக் கொல்வது இரண்டாவதுதான்.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து ஞாயிறு முதல் வெள்ளி விடியல் வரை கட்டம் போடுங்கள். நாடகத்தைப் படிக்கும்போது நாளும் நேரமும் வரும் வரிகளை மட்டும் அதில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஷேக்ஸ்பியர் இவ்வளவு கடிகாரம் பார்த்து எழுதிய நாடகங்கள் குறைவு. முதல் காட்சியில், பொழுது இன்னும் இவ்வளவுதானா என்று ரோமியோ அலுத்துக்கொள்கிறான். இப்போதுதான் ஒன்பது அடித்தது என்கிறான் அவன் நண்பன் பென்வோலியோ. அன்று இரவு, ரோமியோவின் குடும்பத்துக்குப் பகையான கேப்புலட் வீட்டு விருந்தில் ஜூலியட்டோடு சந்திப்பு. அதே இரவு தோட்டத்தில் பேச்சு. நாளை எத்தனை மணிக்கு ஆள் அனுப்பட்டும் என்று ஜூலியட் கேட்க, ஒன்பதுக்கு என்கிறான். மறுநாள் ஒன்பதுக்குப் போன செவிலி பன்னிரண்டு ஆகியும் வரவில்லை என்று அவள் தவிக்கிறாள். பிற்பகல் திருமணம். ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட்டோடு தெருச்சண்டை மூண்டபோது, அவன் தனக்கு உறவாகி ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறான் ரோமியோ. அந்தச் சண்டையில் டிபால்ட் ரோமியோ கையால் செத்த செய்தி வரும்போது தன்னை 'மூன்று மணி நேர மனைவி' என்கிறாள் ஜூலியட். அன்று இரவு ஜூலியட்டின் தந்தை கேப்புலட், இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள் என்று பதில். அந்த ஒரு வரியை வைத்துத்தான் நாடகம் ஞாயிறு காலையில் தொடங்கியது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம்.

இந்த வேகம் ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே செய்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கதை அவருடைய சொந்தக் கற்பனை கிடையாது. 1476-இல் அச்சான மசூச்சோ சலெர்னிட்டானோவின் இத்தாலியக் கதையில் இதன் ஆரம்ப வடிவம் இருக்கிறது. அது சியென்னாவில் நடக்கிறது. லூயிஜி தா போர்ட்டோ அதை வெரோனாவுக்குக் கொண்டுவந்தார். 1554-இல் பண்டெல்லோ, பிறகு ஒரு பிரெஞ்சு வடிவம், அதிலிருந்து 1562-இல் ஆர்தர் புரூக் எழுதிய நீண்ட ஆங்கிலக் கவிதை. ஷேக்ஸ்பியர் முக்கியமாகக் கையில் வைத்திருந்தது புரூக்கைத்தான். புரூக்கில் இந்தக் கதை சுமார் ஒன்பது மாதம் ஓடுகிறது. திருமணத்துக்குப் பிறகு காதலர்கள் ஒன்றிரண்டு மாதம் ரகசியமாகச் சேர்ந்தே இருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் அந்த மாதங்களையெல்லாம் தூக்கிவிட்டு, முழுவதையும் ஐந்து நாளுக்குள் நெருக்கிவிட்டார். அதோடு புரூக்கில் 16 வயதான ஜூலியட்டை இன்னும் 14 நிறையாதவளாக ஆக்கினார்.

புரூக் தன் முன்னுரையில், பெற்றோர் சொல் கேட்காமல் ஆசைக்கு இடம் கொடுத்த இருவரின் அழிவு இது என்று கண்டிக்கிறார். ஆனால் கவிதைக்குள் போனால் அவர்கள் மேல் இரக்கமாகத்தான் இருக்கிறார். நீங்கள் கேள்வியில் சொன்ன 'அவசரப்பட்டுச் செத்துப்போன இரண்டு பேர்' என்ற பார்வை புரூக் முன்னுரையின் பார்வை. அந்த முன்னுரையைப் படித்திருக்கக்கூடிய ஷேக்ஸ்பியர் அப்படி ஒரு தீர்ப்பை நாடகத்தில் எங்கேயும் எழுதவில்லை. இந்த ஒப்பீட்டைத் தேர்வில் எழுதினால் நன்றாக நிற்கும்.

ஜூலியட்டின் வயது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் 13-இல் திருமணம் ஆகிவிடும் என்று நோட்ஸ்களில் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவிக்கே திருமணத்தின்போது 26 வயது. எனவே லண்டன் பார்வையாளர்களுக்கும் 13 என்பது சின்ன வயதாகத்தான் பட்டிருக்கும். நாடகத்துக்குள்ளேயே இந்த விவாதம் நடக்கிறது. இவளைவிடச் சிறியவர்கள் தாயாகிச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்கிறான், ஜூலியட்டைப் பெண் கேட்டு வந்த பாரிஸ். அவ்வளவு சீக்கிரம் தாயானவர்கள் சீக்கிரமே கெட்டும் போகிறார்கள் என்று பதில் சொல்கிறார் கேப்புலட். இன்னும் இரண்டு கோடைக்காலம் போகட்டும், அவள் மனதை நீ வெல், என் சம்மதம் அவள் சம்மதத்துக்குப் பின்னால்தான் என்றும் சொல்கிறார். இது முதல் அங்கம் இரண்டாம் காட்சி. இதை அடிக்கோடிட்டு வையுங்கள். மற்ற பிள்ளைகளையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இவள் ஒருத்தியை மட்டும் வைத்திருக்கும் தகப்பன் அவர். பாசமும் நிதானமும் உள்ள மனிதராகத்தான் அறிமுகமாகிறார்.

அடுத்த காட்சியில் செவிலி பேசும் நீண்ட பேச்சைப் பலர் வெறும் சிரிப்புப் பகுதி என்று தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். ஜூலியட்டுக்கு எப்போது 14 நிறையும் என்பது செவிலிக்கு நாள், இரவு வரை தெரியும்: ஆகஸ்ட் முதல் நாள் வரும் லாமஸ் திருநாளுக்கு முந்தைய இரவு. செவிலியின் சொந்த மகள் சூசனும் அதே வயது; அவள் இறந்துவிட்டாள். தன் குழந்தைக்கான பாலை இந்தக் குழந்தைக்குக் கொடுத்து வளர்த்தவள் அவள். பதினோரு வருடம் முன்பு நிலநடுக்கம் வந்த நாளில் கசப்பு மருந்து தடவிப் பால் மறக்கவைத்ததைச் சொல்கிறாள். அன்று நீங்களும் ஐயாவும் மாண்டுவாவில் இருந்தீர்கள் என்று போகிற போக்கில் தாயிடம் சொல்கிறாள். குழந்தையின் பெரிய நாளில் பெற்றோர் ஊரில் இல்லை, செவிலிதான் இருந்தாள். பின்னால் ரோமியோ நாடு கடத்தப்பட்டுப் போய்ச் சேரும் ஊரும் அதே மாண்டுவா. இந்தப் பேச்சை மனதில் நிறுத்திக்கொண்டால்தான், மூன்றாம் அங்கத்தில் அதே செவிலி கைவிடும்போது எவ்வளவு பெரிய ஆதாரம் சரிகிறது என்பது புரியும்.

இப்போது காதலுக்கு வருவோம். நாலு நாள் காதலை எப்படி நம்புவது என்று கேட்கிறீர்கள். ஷேக்ஸ்பியருக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. வருடக்கணக்கில் பழகவிட்டுக் காட்ட அவருக்கு நேரம் இல்லை. அதனால் கவிதை வடிவத்தையே சாட்சியாக நிறுத்துகிறார். விருந்தில் ரோமியோ முதன்முதலாக ஜூலியட்டின் கையைத் தொட்டுப் பேசும் இடத்தைப் பாருங்கள், முதல் அங்கம் ஐந்தாம் காட்சி. அவன் நாலு வரி பேசுகிறான். என் கை புனிதமான ஒரு இடத்தைத் தீட்டாக்கிவிட்டது, என் உதடுகள் இரண்டு யாத்ரிகர்கள் போலக் காத்து நிற்கின்றன என்கிறான். அவள் நாலு வரியில் பதில் தருகிறாள். அவன் எடுத்த யாத்திரை உருவகத்தையே பிடித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வதே யாத்ரிகர்களின் முத்தம் என்று நாசூக்காகத் தடுக்கிறாள். பிறகு வரிகளை மாற்றி மாற்றிப் பேசி, கடைசி இரண்டு வரிகளை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி முத்தத்தில் முடிக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், சரியாக 14 வரி. எதுகை இயைபோடு முழுமையான ஒரு சானட். சானட் பொதுவாக ஒரு ஆண் தனியாக உட்கார்ந்து, கிடைக்காத பெண்ணை நினைத்துப் புலம்பும் வடிவம். இங்கே அந்தப் பெண் பாதி சானட்டைத் தானே பேசுகிறாள். இதற்கு முன், தான் ஒருதலையாகக் காதலித்த ரோசலினை நினைத்து ரோமியோ உதிர்த்த 'குளிர்ந்த நெருப்பு, நோயான ஆரோக்கியம்' போன்ற முரண்தொடர்களை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ரோசலின் கடைசிவரை மேடைக்கே வருவதில்லை. அந்தக் காதலில் எதிர்க்குரல் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் சானட் முடிந்ததும் அவர்கள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார்கள். நாலு வரி ஆனதும் செவிலி வந்து, உங்கள் அம்மா கூப்பிடுகிறார் என்கிறாள். இரண்டாவது கவிதை அங்கேயே அறுந்துபோகிறது. அதற்கு முன்னால் டிபால்ட் ரோமியோவின் குரலை அடையாளம் கண்டு வாள் கேட்டாகிவிட்டது. எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சந்தோஷத்துக்குக் கொடுத்த அளவே 14 வரிதான் என்பதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் வடிவத்தாலேயே செய்து காட்டிவிடுகிறார்.

தோட்டக் காட்சியில் ஜூலியட்டின் புத்தியைப் பாருங்கள். நிலவின் மேல் ஆணையிட வருகிறான் ரோமியோ. மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் நிலவின் மேல் வேண்டாம் என்று நிறுத்துகிறாள். இது ரொம்ப அவசரம், யோசனை இல்லாதது, 'மின்னுகிறது' என்று சொல்வதற்குள் மறைந்துபோகும் மின்னலைப் போல இருக்கிறது என்று சொல்வதும் அவள்தான். அவசரம் என்ற குற்றச்சாட்டை முதலில் வைத்தவளே அவள் என்பதை மறக்காதீர்கள். உன் எண்ணம் திருமணம் என்றால் நாளைக்குச் சொல்லியனுப்பு என்று காரியத்துக்கு வருவதும் அவள்தான்.

மூன்றாம் அங்கம் முதல் காட்சி வரை இது ஒரு இன்பியல் நாடகத்தின் எல்லா உறுப்புகளோடும் நடக்கிறது. காதலர்கள், குறுக்கே நிற்கும் குடும்பம், வம்பு பேசும் செவிலி, உதவிக்கு ஒரு துறவி, கேலி பேசும் நண்பன் என்று எல்லாம் இருக்கிறது. வெயில் காயும் திங்கள் பிற்பகலில் அந்த நண்பன் மெர்குஷியோ குத்துப்பட்டதும் அது முறிகிறது. புரூக்கில் மெர்குஷியோ விருந்தில் வந்துபோகும் ஒரு ஆள், அவ்வளவுதான். அவனுக்கு உயிர் கொடுத்து, நம்மைச் சிரிக்கவைத்து, பிறகு கொன்றது ஷேக்ஸ்பியர். சண்டையை விலக்க ரோமியோ நடுவில் கை நீட்ட, அந்தக் கைக்குக் கீழே புகுந்து டிபால்ட்டின் வாள் பாய்கிறது. அடுத்த சில நிமிடத்தில் ரோமியோ டிபால்ட்டைக் கொல்கிறான். இங்கே ரோமியோவின் அவசரத்தை மறைக்க வேண்டியதில்லை. அவன் ஒரு உயிரைப் பறித்தான். சற்றுமுன் மணந்த மனைவியை அந்தக் கணத்தில் மறந்தான். விதியின் கைப்பொம்மை ஆகிவிட்டேன் என்று அவன் கத்துவது பாதி உண்மைதான். இந்த நேர்மையோடு எழுதினால்தான் மற்ற வாதங்கள் எடுபடும்.

ஆனால் அதற்குப் பிறகு கடிகாரத்தை ஓட்டுவது பெரியவர்கள். ரோமியோ உடனே வெளியேற வேண்டும், அகப்பட்டால் அதுவே கடைசி நேரம் என்கிறார் நகரை ஆளும் இளவரசர். அன்று இரவே கேப்புலட், மகளைக் கேட்காமல், பாரிஸிடம் நாள் குறிக்கிறார். புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழன் வைத்துக்கொள்வோம் என்கிறார். இரண்டு கோடைக்காலம் என்று சொன்னவர் மூன்றே நாளுக்கு வந்துவிட்டார். மருமகன் முறையுள்ள டிபால்ட்டின் சாவு வீட்டைக் கலக்கிவிட்டது, மகள் அழுகையை நிறுத்த வேண்டும், இளவரசரின் உறவினனோடு சம்பந்தம் நல்லது என்று அவர் பக்கம் காரணங்கள் இருக்கலாம். மறுநாள் விடியலில் அவள் மறுத்ததும் வெடிக்கிறார்: தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் சாவு. முதல் அங்கத்தில் நீங்கள் அடிக்கோடிட்ட வரியை இதன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தாய், என்னிடம் பேசாதே என்று விலகுகிறாள். மிச்சம் செவிலி. ஜூலியட் அவளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சுகிறாள். ரோமியோவால் திரும்பி வர முடியாது, பாரிஸைக் கட்டிக்கொள், அவனுக்கு முன்னால் ரோமியோ வெறும் பாத்திரம் துடைக்கும் துணி என்கிறாள் செவிலி. முந்தைய நாள் அந்தத் திருமணத்துக்குத் தூது போனவள் அவளேதான். ஜூலியட் கத்தவில்லை, நீ எனக்கு ரொம்ப ஆறுதல் சொல்லிவிட்டாய் என்று அமைதியாக அனுப்பிவிட்டு, இனி உனக்கும் என் நெஞ்சுக்கும் ஒட்டு இல்லை என்று தனியாகச் சொல்கிறாள். 'நாலு நாள் காதலுக்காகச் செத்தாள்' என்று சொல்பவர்கள் இந்த மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியை மெதுவாகப் படிக்க வேண்டும். அவள் ஏற்கெனவே மணமானவள். இரண்டாம் திருமணம் அவள் நம்பிக்கைப்படி பாவம். மறுத்தால் தெரு. உண்மையைச் சொல்ல வீட்டில் ஒருவர்கூட இல்லை. 14 வயது நிறையாத பெண்ணுக்கு ஒரே காலையில் எல்லாக் கதவும் சாத்தப்படுகிறது.

திறந்திருந்த ஒரே கதவு துறவி லாரன்ஸ். அவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. நல்ல மனிதர்தான். ஆனால் ஓடுகிறவன் தடுக்கி விழுவான், நிதானமாகப் போ என்று ரோமியோவுக்குப் புத்தி சொல்லிவிட்டு அன்றே திருமணத்தை முடித்துவைக்கிறார். இரு குடும்பப் பகையும் இதனால் தீரும் என்பது அவர் கணக்கு. பகை தீர்க்க எடுத்த ஒரு ரகசியத்தைப் பிறகு வெளியே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. பெற்றோரிடம் போய், நான்தான் மணமுடித்து வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில், 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கவைக்கும் மருந்தை ஒரு சிறுமியின் கையில் கொடுத்தனுப்புகிறார். கடைசிக் காட்சியில் கல்லறைக்கு ஓடிவரும்போது, இன்றிரவு என் கிழட்டுக் கால்கள் எத்தனை முறை சமாதிகளில் இடறின என்கிறார். ஓடினால் இடறுவாய் என்று சொன்னவரே இடறி இடறி ஓடிவருகிறார். பிறகு காவலர் சத்தம் கேட்டதும், இனி நிற்க எனக்குத் துணிவில்லை என்று அவளை இரண்டு பிணங்களோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

கேப்புலட்டின் இரண்டாவது அவசரத்தையும் கட்டத்தில் குறியுங்கள், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். துறவியின் திட்டப்படி மருந்தைப் புதன் இரவு குடிக்க வேண்டும். செவ்வாய் மாலை ஜூலியட் வந்து மன்னிப்புக் கேட்டுச் சம்மதம் சொன்னதும் கேப்புலட் மகிழ்ச்சியில் திருமணத்தை மறுநாளே வைத்துவிடுகிறார். வியாழன்வரை வேண்டாம், நேரம் இருக்கிறதே என்று மனைவி சொல்வது காதில் விழவில்லை. ஆகவே அவள் ஒரு நாள் முன்னதாகவே குடிக்க வேண்டி வருகிறது. திட்டத்தை ரோமியோவுக்குச் சொல்ல மாண்டுவாவுக்குப் போக வேண்டிய கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் ஒரு முழு நாள் இந்தத் தகப்பனின் சந்தோஷத்தில் கரைகிறது.

மருந்து குடிக்கும் முன் அவள் தனியாகப் பேசுவது நான்காம் அங்கம் மூன்றாம் காட்சி. தன் பெயர் கெடாமல் இருக்கத் துறவி உண்மையான விஷத்தையே கொடுத்திருந்தால்? கல்லறைக்குள் முன்கூட்டியே விழித்து மூச்சு முட்டினால்? முன்னோர் எலும்புகளுக்கு நடுவில் புத்தி பேதலித்தால்? பயத்தில் செவிலியைக் கூப்பிட வாயெடுத்து, அவள் இங்கே என்ன செய்யப்போகிறாள், இதை நான் தனியாகத்தான் நடித்தாக வேண்டும் என்று தன்னையே நிறுத்திக்கொள்கிறாள். முதல் அங்கத்தில் தாயும் செவிலியும் பேச, சில வரிகளே பேசிய பெண் இவள். நாடகத்தில் உண்மையில் வளர்கிற பாத்திரம் ஜூலியட்தான். ரோமியோவின் வளர்ச்சி அவ்வளவு தெளிவாக இல்லை என்பது என் எண்ணம்.

சரி, விதியா குணமா? நாடகத்தில் முழுக்க முழுக்கத் தற்செயல் என்று சொல்லக்கூடியவை இரண்டே. ஒன்று, விருந்துப் பட்டியலைப் படிக்கத் தெரியாத வேலைக்காரன் தெருவில் ரோமியோவிடம் படித்துக்காட்டச் சொல்வது. இன்னொன்று, துறவி ஜான் கொண்டுபோன கடிதம் சேராமல் போவது. படிக்கத் தெரியாத ஒருவனால் அவர்கள் சேர்ந்தார்கள், படிக்கக் கிடைக்காத ஒரு கடிதத்தால் பிரிந்தார்கள் என்று இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். கடிதம் நின்ற காரணத்தைக் கவனியுங்கள். துணைக்குச் சேர்த்துக்கொண்ட இன்னொரு துறவி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளைநோய் இருந்த வீட்டில் இருந்தார்கள் என்று சந்தேகித்து அதிகாரிகள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டார்கள். இந்த நாடகம் 1595-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதற்குச் சற்றுமுன், 1592 முதல் 1594 வரை, பிளேக் காரணமாக லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. ஆட்களோடு சேர்த்து வீட்டை அடைப்பதை அந்தப் பார்வையாளர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்தவர்கள். நமக்குச் சௌகரியமான தற்செயலாகத் தெரிவது அவர்களுக்கு அன்றாடம். 2020-ஐப் பார்த்த நமக்கும் இனி இது புரியாமல் போகாது.

விதி என்று எழுத ஆதாரம் முன்னுரைப் பாட்டிலேயே இருக்கிறது. நட்சத்திரங்கள் எதிர்த்து நிற்கும் காதலர் என்று கோரஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் சுவையான ஒரு தகவல்: 1597, 1599 பதிப்புகளில் இருக்கும் இந்த முன்னுரை, 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இல்லை. முன்னுரை இல்லாமல் பார்ப்பவருக்கு முதல் பாதி இன்பியலாகவே போகும், மெர்குஷியோவின் சாவு தலையில் இடியாக விழும். முன்னுரையோடு பார்ப்பவருக்கு முதல் காட்சியிலிருந்தே எல்லாச் சிரிப்பிலும் ஒரு நிழல் இருக்கும். இதை எழுதும் மாணவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கல்லறைக் காட்சியில் ரோமியோ அவள் முகத்தைப் பார்த்து, உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே, மரணத்தின் வெளிறிய கொடி இங்கே ஏறவில்லையே என்று வியக்கிறான். அவள் உயிரோடிருப்பதன் அடையாளத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு விஷத்தைக் குடிக்கிறான். இதை எந்த நட்சத்திரமும் செய்யவில்லை. அதே சமயம் அவன் கண்ணில் தப்பும் இல்லை. அவள் இறந்துவிட்டாள் என்று ஊரே சொன்னதை அவன் நம்பினான். அவன் குடித்துவிழுந்த சற்று நேரத்தில் துறவி வந்துசேர்கிறார், பிறகு அவள் விழிக்கிறாள். இந்த இடத்தில் 'விதி', 'குணம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பதில் சுருங்கிவிடும். நேரம் என்பதை வைத்து எழுதுங்கள். ஒவ்வொருவரும் தன் காரணத்துக்காக ஒரு நாளையோ ஒரு மணியையோ பிடுங்கிக்கொள்ள, கடைசியில் சில நிமிடங்கள் குறைகின்றன. தற்செயல் கொல்ல முடிந்தது, மனிதர்கள் அதற்கு இடம் விடாமல் எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருந்ததால். அரிஸ்டாட்டிலை இழுத்து, கதாநாயகனின் ஒரே குறை என்று தேடி எழுதுவது இந்த நாடகத்துக்குச் சரியாகப் பொருந்தாது. இங்கே குறை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

முடிவில் வரும் சமாதானத்தையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. கேப்புலட் கை நீட்டியதும், ஜூலியட்டுக்குச் சொக்கத்தங்கத்தில் சிலை வைப்பேன் என்கிறார் ரோமியோவின் தந்தை மான்டகியூ. ரோமியோவுக்கும் அதே அளவில் வைப்பேன் என்கிறார் கேப்புலட். துக்கத்திலும் அவர்களுக்குத் தெரிந்த மொழி விலையும் போட்டியும்தான் என்று எனக்குப் படுகிறது. அது உண்மையான மனமாற்றம் என்று வாதிடுபவர்களும் உண்டு. இரண்டையும் எழுதி உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

இனி சில நடைமுறை விஷயங்கள். படம் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போகாதீர்கள். 1968-இலும் 1996-இலும் வந்த பெயர்பெற்ற இரண்டு படங்களிலும் கல்லறையில் பாரிஸ் சாவது இல்லை. அது ஷேக்ஸ்பியர் புரூக்கின் கதையில் சேர்த்த சாவு. பூக்களோடு வந்து அழும் பாரிஸையும் ரோமியோ கொல்கிறான், அவன் கேட்டபடி ஜூலியட் பக்கத்தில் கிடத்துகிறான். பாரிஸ் வில்லன் இல்லை என்பதற்கு அந்த இடம்தான் சாட்சி. 1996 படத்தில் ரோமியோ சாவதற்குள் ஜூலியட் விழித்துவிடுகிறாள். மூலத்தில் அப்படி இல்லை.

மொழி கடினமாக இருந்தால் முதல் வாசிப்பில் எல்லா வார்த்தைக்கும் பொருள் தேடாதீர்கள். நான் மேலே சொன்ன காட்சிகளை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் நண்பரோடு பாத்திரம் பிரித்து. அன்று இது கூரையில்லாத அரங்கில் பகல் வெளிச்சத்தில் நடித்த நாடகம். ஜூலியட்டாக நடித்ததும் ஒரு பையன். இரவு, நிலவு, விடியல், கல்லறையின் இருட்டு எல்லாவற்றையும் வார்த்தைகளே உண்டாக்க வேண்டியிருந்தது. வெளிச்சம், இருள் பற்றி இவ்வளவு வரிகள் ஏன் என்பது வாய்விட்டுப் படிக்கும்போது தானாக விளங்கும்.

பதிப்பு வாங்குவதென்றால் ஆர்டன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றில் எது கல்லூரி நூலகத்தில் இருக்கிறதோ அது போதும். குறிப்புகள் அதே பக்கத்தின் கீழே இருப்பது வசதி. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் முழு மூலத்தையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நோட்ஸைக் கடைசியில், உங்கள் கட்டம் நிரம்பிய பிறகு பாருங்கள். எந்த வரியாவது பிடிபடவில்லை என்றால் அங்கம், காட்சி எண்ணோடு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.